ஆள்காட்டி கத்துகிற இடம்

போன வாரம் திவ்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு மதுரை அலுவலகத்தில் என் நாற்காலிக்கு வந்த பெண். புதிதாகச் சேர்ந்திருக்கும் மிஸ்டரி ஷாப்பர்களுக்குக் கொடுக்க ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும் என்றாள். தகவல் பாதுகாப்புக்குப் புதுச் சட்டம் வந்திருக்கிறதாம். ஓர் ஆள் எங்கே இருக்கிறார் என்பதைப் போன் வழியாக எடுப்பதற்கு முன் அவரிடம் முறையாகச் சம்மதம் வாங்க வேண்டுமாம். "உங்க காலத்துல இதெல்லாம் எப்படி சார் சமாளிச்சீங்க?" என்று கேட்டாள். உங்க காலத்துல என்றது எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன பனையோலையிலா எழுதிக்கொண்டிருந்தேன்? வழியனுப்பு விழாவில் போர்த்திய சால்வையின் மடிப்புக்கூட இன்னும் கலையவில்லை.

இருந்தாலும் கேட்டுவிட்டாள். எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது, அதற்கு அவள்தான் பொறுப்பு.

மிஸ்டரி ஷாப்பர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கடையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியாமல், அந்தக் கடையை நடத்தும் கம்பெனியே அனுப்புகிற வாடிக்கையாளர். எல்லாரையும் போல உள்ளே போவார். வாங்க என்று யார் சொன்னார்கள், எவ்வளவு நேரம் நிற்க வைத்தார்கள், கேட்டதற்கு முகம் கொடுத்துப் பதில் சொன்னார்களா, வாரண்டி கார்டில் சீல் வைத்தார்களா, எல்லாவற்றையும் மனசில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்து எழுதி அனுப்புவார். அந்த ஆட்களைப் பிடிப்பது, பழக்குவது, அனுப்புவது, எழுதியதைச் சரிபார்ப்பது என் வேலை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், அப்படியே வத்திராயிருப்பு வரை என் வட்டாரம். என் மனைவி இதைச் சொந்தக்காரர்களிடம் ஒரே வரியில் முடித்துவிடுவாள்: "ஆள வச்சு கடை கடையா ஏறி ஒண்ணும் வாங்காம வாரதுக்கு இவியளுக்குச் சம்பளம் குடுக்காக." அது தப்பு என்று சொல்ல எனக்கு இன்றுவரை வழி கிடைக்கவில்லை.

அதற்கு முன்னால் பிஸ்கட் கம்பெனிக்கு ஆர்டர் எடுத்துக்கொண்டு திரிந்தேன். அந்த வருஷங்களில் செருப்பு தேய்ந்தது, கடைக்காரர்களின் முகத்தைப் படிக்கத் தெரிந்தது. அவ்வளவுதான். தொழில் என்று ஒன்றைக் கற்றது லூர்து மேடத்திடம்.

லூர்து மேடம் எங்கள் கிளை மேலாளர். கூமாப்பட்டியில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பாவுக்குப் பிளவக்கல் அணையில் ஷட்டர் திறந்து மூடுகிற வேலை. மேடத்தின் குரல் உயரவே உயராது. அவர் பேசினால் நாம்தான் குனிய வேண்டும். திட்டுவதும் அதே குரலில்தான் என்பதால், திட்டு வாங்கியிருக்கிறோம் என்பது வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் உறைக்கும். போனை வைக்கும்போது "நல்லது" என்பார். அந்த நல்லதில் எத்தனை வகை இருக்கிறது என்று எங்கள் அலுவலகத்தில் ஓர் ஆராய்ச்சியே நடந்தது.

ஷாப்பர்களுக்கு அவர் மரத்தின் பெயர் வைப்பார். வேம்பு, இலுப்பை, நாவல், புங்கை. சொந்தப் பெயர் சம்பளம் போடுகிற பிரிவுக்கு மட்டும் தெரியும். எனக்கு மரமும் போன் நம்பரும் போதும் என்றுவிட்டார். வீடு எங்கே என்று கேட்கக் கூடாது. எந்தப் பஸ்ஸில் வந்தீர்கள் என்றுகூடக் கேட்கக் கூடாது, ஏனென்றால் பஸ்ஸைச் சொன்னால் ஊரைச் சொன்ன மாதிரி. நேரில் பார்க்க வேண்டியிருந்தால் பஸ் ஸ்டாண்டில், நேரம் எழுதிய போர்டுக்குக் கீழே. இரண்டு பேரும் போர்டை அண்ணாந்து பார்த்தபடி பேச வேண்டும். எனக்கு முதலில் சிரிப்பாக வந்தது. நாம் என்ன கள்ளக்கடத்தலா செய்கிறோம் என்று கேட்டேவிட்டேன்.

"சின்ன ஊர், வேலுச்சாமி" என்றார் மேடம். "கடையில நிக்கிறவனும் நம்ம ஊர்தான். பாத்து எழுதப் போறவளும் நம்ம ஊர்தான். நாளைக்கு ஒரு கல்யாணத்துல ஒரே பந்தியில உக்காருவாக."



வேலையிலும் அப்படித்தான். கடைக்குள் எதையும் எழுதக் கூடாது. வெளியே வந்ததும் பக்கத்து டீக்கடையில் உட்காரக் கூடாது, அந்தக் கடை ஆட்கள் டீ குடிக்க வருவது அங்கேதான். ஒரு தெரு தாண்டி, ஆஸ்பத்திரி வாசலோ கோயில் பிராகாரமோ, ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து எழுத வேண்டும். 'தரக்குறைவாகப் பேசினார்' என்று எழுதினால் மேடம் திருப்பி அனுப்பிவிடுவார். அவன் என்ன வார்த்தை சொன்னானோ அதை எழுது, தரம் குறைந்ததா கூடியதா என்று படிக்கிறவன் முடிவு செய்துகொள்ளட்டும் என்பது அவர் கட்சி. அந்தப் பழக்கத்தால் எங்கள் ஷாப்பர்கள் ஊர்ப் பேச்சை அச்சு மாறாமல் எழுதினார்கள். சென்னைத் தலைமை அலுவலகத்தில் அதைப் படித்துப் புரிந்துகொள்வதற்கே ஒரு தெற்கத்தி ஆளை வைத்திருந்தார்கள்.

ஓர் ஆடிப்பூரத் தேரன்று நான் கண்ட காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் என்றால் சும்மாவா? அண்ணாந்தால் கழுத்து வலிக்கும். ரத வீதி முழுக்க தலைகள். வடம் பிடித்த கூட்டத்தில் வேம்பு நின்று இழுத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி, நிழலில் இலுப்பை, இடுப்பில் பிள்ளை. நீர்மோர்ப் பந்தலில் லூர்து மேடம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மாதா கோயில் போகிறவர், ஆனாலும் தேருக்கு வராமல் இருந்ததில்லை. தேர் நகர்ந்தபோது மூன்று பேர் கண்ணும் என்னைக் கடந்து போயின. ஒரு கண்கூட நிற்கவில்லை. ஒருவரை ஒருவர் ஆயுசில் பார்த்தே இராத மாதிரி நின்றார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை ஜனத்துக்கு நடுவில் இப்படி ஒளிந்துகொள்ள முடியுமா என்று மூக்கில் விரல் வைத்து நின்றேன்.

பிறகு ஸ்மார்ட்போன் வந்தது. முதலில் கடை வாசலில் நின்று ஒரு போட்டோ போதும் என்றார்கள். அப்புறம் ஆப் வந்தது. கடையிலிருந்து இத்தனை அடிக்குள் நின்றால்தான் ரிப்போர்ட் திறக்கும் என்றார்கள். போகாமலே போனதாக எழுதுகிற ஆட்களும் தொழிலில் இருந்தார்கள், ஆகவே அதுவரை நியாயம். கடைசியாக ஒருநாள் சென்னையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் தம்பி வந்து மதுரை அலுவலகச் சுவரில் பெரிய திரையை மாட்டி, எங்கள் வட்டாரத்தின் மேப்பைத் திறந்து காட்டினான்.

யப்பா, அதை நான் எப்படிச் சொல்ல. எங்கள் ஷாப்பர்கள் ஒவ்வொருவரும் ஒரு பச்சைப் புள்ளியாக ஊர்ந்துகொண்டிருந்தார்கள். வத்திராயிருப்புப் பஸ் கிருஷ்ணன்கோவிலில் ஆள் ஏற்ற நிற்பது மதுரையில் தெரிந்தது. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு புள்ளி தயங்கித் தயங்கிப் போனது. அது வேம்பு, அவருக்கு முட்டி வலி. பெயர் போடாமலே எனக்கு ஆள் தெரிந்தது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். சாமி பார்க்கிற மாதிரி அல்லவா பார்க்கிறோம் என்று அந்தத் தம்பியின் முதுகில் தட்டினேன்.

அப்போது நாவலின் புள்ளி ஓர் ஆஸ்பத்திரிக்குள் போய் நின்றது. அது எந்த நோய்க்கான ஆஸ்பத்திரி என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன். அந்த மனுஷி தன் வீட்டிலேயே சொல்லியிருப்பாரோ மாட்டாரோ. நான் மதுரையில் ஏசிக்கு அடியில் டீயைக் குடித்துக்கொண்டு அதைத் தெரிந்துகொண்டேன். குளிக்கிற இடத்தை எட்டிப் பார்த்துவிட்ட மாதிரி எனக்குக் கூசியது. மேடமும் அந்தப் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்ப அணையும் தம்பி?" என்று கேட்டார்.

அணையாது மேடம், ஆப் மூடியிருந்தாலும் பின்னாடி ஓடிக்கொண்டே இருக்கும் என்றான் அவன். வீட்டுக்குப் போன பிறகுமா என்றார். ஆமாம் என்றான். தூங்கும்போதுமா என்றார். தம்பி சிரித்தான். மேடம் சிரிக்கவில்லை. எழுந்து போய்த் திரையின் சுவிட்சை அணைத்துவிட்டு, "நல்லது" என்றார். அதுவரை நான் கேட்டிராத நல்லது அது.

சென்னைக்கு எழுதிக் கேட்டார். எல்லாரும் சம்மதம் என்று பட்டனை அமுக்கியிருக்கிறார்களே என்று பதில் வந்தது. அமுக்காவிட்டால் ஆப் திறக்காது, ஆப் திறக்காவிட்டால் வேலை இல்லை. அந்தச் சம்மதத்தின் யோக்கியதை அவ்வளவுதான். அதற்குள் சென்னை இன்னொரு படி ஏறியிருந்தது. ஷாப்பர் நிஜமாகவே கடைக்கு வந்தார் என்று காட்ட, அவர் வந்து போன வழியைக் கோடாகப் போட்டு ரிப்போர்ட்டோடு கடை நடத்துகிற கம்பெனிக்கே அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். இது எங்களுக்குத் தெரியாது. தெரிய வந்தது புங்கையால்.

புங்கையின் வீடு எங்கே என்று நான் கேட்டதே இல்லை. மேப் கேட்காமலே சொல்லிவிட்டது: தளவாய்புரம். வீட்டில் நைட்டி தைப்பவர். கணவர் மிலிட்டரியில், வடக்கே எங்கேயோ. அவருக்கு மட்டும்தான் இந்த வேலை தெரியும். தெருவில் யாருக்கும் தெரியாது. அந்தத் தெருப் பிள்ளைகள் பலர் ராஜபாளையம் கடைகளில் நிற்பவர்கள். கடைக்காரர்களை வேவு பார்த்து எழுதுகிறவள் நம் தெருவிலேயே இருக்கிறாள் என்று தெரிந்தால் அங்கே குடியிருக்க முடியுமா?

அவருடைய ஞாபகம் இருக்கிறதே, அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. ராஜபாளையத்தில் வீட்டுச் சாமான் ஷோரூம் ஒன்றுக்கு கிரைண்டர் விலை கேட்கிற மாதிரி அனுப்பியிருந்தோம். கம்பெனிப் பெயர் வேண்டாம். அங்கே ஒரு பெண், களையெடுத்துவிட்டு நேரே வந்தவர், புங்கைக்கு முன்னால் கிரைண்டர் அருகே நின்றிருக்கிறார். சேல்ஸ்மேன் குமரேசன் அவரைப் பார்த்துச் சொன்னதைப் புங்கை அப்படியே எழுதியிருந்தார்: "பொருள்ல கை வைக்காத. அங்கன தள்ளி நின்னு கேளு." சட்டையில் மாட்டியிருந்த அட்டையிலிருந்து அவன் பெயரையும் எழுதியிருந்தார். அது எங்கள் படிவம் கேட்கிற விவரம். குமரேசனைக் கம்பெனி வேலையைவிட்டு நிறுத்தியது.

அப்புறம் ஒருநாள் முற்பகல், நான் பஞ்சு மார்க்கெட்டில் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு நிற்கிறேன். புங்கையின் அழைப்பு. குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"சார், நீங்க பேசாதீக. கேட்டுக்கிட்டே இருங்க."

போனைத் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டார் போல. தெருவில் பைக் நிற்கிற சத்தம் கேட்டது. பிறகு ஓர் ஆண் குரல், இந்தத் தெருவில் கிரைண்டர் கேட்டு எங்கள் கடைக்கு வந்த பொம்பளை யார் என்று கத்தியது. மேனேஜரே காட்டினார், மேப்பில் கோடு இந்தத் தெருவில்தான் வந்து நிற்கிறது என்றது. குமரேசன்தான்.  பிளவக்கல் ஷட்டரைத் திறந்துவிட்ட மாதிரி உடம்பெல்லாம் வேர்த்தது. நான் வண்டியை எடுத்துப் போய்ச் சேர்வதற்குள் என்னவும் நடக்கலாம். போனை வைத்துவிட்டு ஓட்டவும் மனசு வரவில்லை. அப்படியே ஓரமாக நின்றேன்.

அந்தத் தெருவில் ஏட்டம்மா என்று ஒருவர். ஓய்வு பெற்ற ஏட்டின் மனைவி, அதனால் அந்தப் பெயர். காட்டு வேலைக்கும் போகிறவர். வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஏட்டம்மாவின் குரல் மட்டும் நிதானமாக வந்தது.

"தம்பி எந்த ஊரு?"

அது உங்களுக்கு எதுக்கு என்றான். பொம்பளைகள் இருக்கிற தெருவில் ஆம்பளை வந்து நின்று சத்தம் போட்டால் ஊர் கேட்க மாட்டோமா என்றார். சேத்தூர் என்றான். சேத்தூரில் எந்தத் தெரு? சொன்னான். யாரு மகன்? அதையும் சொன்னான். பொண்ணு எங்கே எடுத்திருக்கிறாய்? சுந்தரபாண்டியம். சுந்தரபாண்டியத்தில் யாரு வீடு? அவன் குரல் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு படி இறங்கிக்கொண்டே வந்தது எனக்குப் போனில் கேட்டது. மாமனாருக்கு ரேஷன் கடையில் வேலை என்றதும் ஏட்டம்மா, "அவிய சம்சாரம் எங்க சின்னாத்தா மகள்லா" என்றார். பக்கத்தில் யாரோ கணக்குப் போட்டுப் பார்த்து, அப்படியென்றால் நீ இவளுக்கு மருமகன் முறை என்று அறிவித்தார்கள்.

நான் அசந்துபோய் நின்றேன். சென்னையில் கோடி கோடியாகக் கொட்டி, ஆகாயத்தில் சாட்டிலைட்டை ஓடவிட்டு, ஒரு புள்ளியைத் தெரு வரைக்கும்தான் கொண்டுவந்து விட முடிந்தது. இந்த அம்மா தெருவில் நின்றபடி, செத்த நேரத்தில், அவன் மாமியார் வீட்டு அடுப்படி வரைக்கும் போய்விட்டார். ஒரு பெயரைத் தேடி வந்தவன், தன் வம்சத்தையே ஒப்படைத்துவிட்டு நின்றான்.

பிறகு அவன் குரல் உடைந்தது.

"எம்பேரப் போட்டு எழுதிக் குடுத்துட்டாக அத்தை. வேல போச்சு."

"என்னன்னு எழுதுனாக?"

  அவன் மெதுவாகச் சொன்னான். கை வைக்காத, தள்ளி நின்னு கேளு என்று ஒருத்தியிடம் சொன்னதாக எழுதியிருக்கிறார்கள் என்றான்.

"நீ சொன்னியா?"

"சொன்னேன்."

 ஏட்டம்மா யாரையோ கூப்பிட்டு, செம்பில் தண்ணீர் மொண்டு வரச் சொன்னார்.

"நானும் களையெடுக்கப் போறவதான்யா. நான் வந்திருந்தா என்னயும் அப்படித்தான் சொல்லிருப்ப." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "இந்தத் தெருவுல எல்லா வீட்டுலயும் கிரைண்டர் இருக்கு. யாரு எந்தக் கடைக்குப் போனாகன்னு நான் எதைக் கண்டேன்? தண்ணியக் குடி. குடிச்சிட்டுப் போயிட்டு வா."

செம்பு திண்டில் உரசுகிற சத்தம் கேட்டது. குடித்தான் என்று நினைக்கிறேன். பைக் கிளம்பிப் போனது. போனில் புங்கை அழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நானும் அந்தப் பங்க் ஓரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன், வெட்கப்பட என்ன இருக்கிறது?

மேடத்திடம் சொன்னேன். நல்லது என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டார். மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடிக்கு வரச் சொல்லித் தகவல் வந்தது. அங்கே எப்போதும் யாராவது நிற்பார்கள், நாங்கள் நிற்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள். நிலைக்கு வந்து நிற்கிற தேரின் சக்கரத்துப் பக்கம் மேடம் நின்றார். புங்கை வந்தார். போர்டைப் பார்த்துப் பேசுகிற பழக்கத்தில் மூன்று பேரும் தேரை அண்ணாந்து பார்த்தபடியே பேசினோம்.

வேலையை விட்டுவிடுகிறேன் என்றார் புங்கை. அந்த வருமானத்தில்தான் பெரியவள் நர்சிங் படிக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியும். அவன் மறுபடி வருவான் என்ற பயம்கூட இல்லை அவருக்கு.

"ஏட்டம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு மேடம். நேத்துலருந்து என்னப் பாத்து ஒண்ணுமே கேக்கல. கேட்டாக்கூடத் தேவல. நாளைக்கு இன்னொருத்தன் வருவான். எல்லார் வாயும் ஒண்ணுபோல இருக்குமா? ஆள்காட்டின்னு ஒரு பேரு வந்துட்டா எம்பிள்ளைகள யாரு கட்டுவா?"

ஆள்காட்டி என்றால் எங்கள் பக்கம் அதைவிடக் கேவலமான வசவு இல்லை. காட்டிக்கொடுக்கிறவள் என்று அர்த்தம். மேடம் தேரிலிருந்து கண்ணை எடுத்து, முதல் முறையாக, வெட்டவெளியில், ஒரு ஷாப்பரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

"பிளவக்கல் கரையில ஆள்காட்டிக் குருவி நிறைய உண்டும்மா. வெறுந்தரையிலதான் முட்டையிடும். கூடு கிடையாது, மறைவு கிடையாது. ஆளு வந்தா கத்தும். ஆனா முட்டை கிட்ட நின்னு கத்தாது. சத்தமில்லாம ஓடிப்போயி, வேற எடத்துல நின்னு கத்தும். கத்துற பக்கம் நீ தேடுனா ஒண்ணும் கிடைக்காது. ஆள்காட்டின்னு பேரு வச்சது நம்மதான். அது ஆளக் காட்டுறதே இல்ல."

அதற்கப்புறம் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வட்டாரத்தில் ஒருவரும் வீட்டில் இருக்கும்போது ஆப்பைத் திறக்கவில்லை. போனில் லொகேஷனை அணைத்து வைத்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள். தேரடியில் வந்து இறங்கி, தேருக்கு முன்னால் நின்று அதைப் போடுவார்கள். கடைக்குப் போவார்கள், முடித்துவிட்டு மறுபடி தேரடிக்கு வந்து அணைப்பார்கள். ராஜபாளையத்துக்காரர்கள் முணுமுணுத்தார்கள், அவர்களுக்கு எதிர்த்திசையில் வந்து திரும்பிப் போகிற அலைச்சல். ஆனாலும் ஒருவர் தவறவில்லை.

ஒரு வாரம் கழித்து மதுரைத் திரையைப் போட்டுப் பார்த்தேன். ஆத்தாடி, எல்லாக் கோடும் தேரடியில் புறப்பட்டு நாலாபக்கமும் போய்த் தேரடிக்கே திரும்பியிருந்தன. யாரோ தேருக்கு வடம் பூட்டி, ஊரெல்லாம் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. அந்தக் கோடுகளில் எது வேம்பு, எது புங்கை என்று எனக்கே தெரியவில்லை. மேடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பைல் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னைத் தலைமை அலுவலகத்துப் பெரியவர் ஒருவர் போன் செய்தார். உங்கள் ஷாப்பர்கள் எல்லாரும் ஒரே வீட்டிலா இருக்கிறார்கள் என்று கேட்டார். ஆமாம் சார், பெரிய வீடு என்றார் மேடம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இது மோசடி, இந்த வட்டாரத்தையே மூடிவிடுவேன் என்றார். மேடம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, திரையில் மேப்பைச் சென்னை வரை நகர்த்தி, அங்கே இருந்த ஒரு புள்ளியைத் தொட்டார். ஆப் எப்படி ஓடுகிறது என்று சோதித்துப் பார்க்க அந்தப் பெரியவரும் தன் போனில் ஏற்றியிருந்தார். ஏற்றியதை மறந்தும் போயிருந்தார்.

"காலையில ஒரு ஸ்கூல் வாசல்ல செத்த நேரம் நிக்கிறீங்க சார்" என்றார் மேடம், அதே தாழ்ந்த குரலில். "உங்க பிள்ளை படிக்கிற ஸ்கூலா இருக்கும். அது எனக்குத் தெரியலாமா? சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன்."

பார்க்கச் சொல்கிறேன் என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.  

அதற்கப்புறம் கம்பெனிகளுக்குக் கோடு அனுப்புவது நின்றது. கடை வாசலில் திறந்து கடை வாசலில் மூடினால் போதும் என்று ஆப்பை மாற்றினார்கள். படிவத்தில் கடை ஆளின் பெயர் எழுதும் கட்டத்தை மேடம் எடுக்கச் சொன்னார். நடந்ததை எழுதுங்கள், திருந்த வேண்டியது கடை என்று கம்பெனிக்கும் எழுதினார். குமரேசனை வேறு கிளையில் எடுத்துக்கொண்டதாகக் கேள்வி. பழைய கோடுகளை எல்லாம் அழித்துவிட்டோம் என்று சென்னையிலிருந்து கடிதம் வந்தது. நிஜமாகவே அழித்திருப்பார்களா என்று மேடத்திடம் கேட்டேன். தெரியாது என்றார்.

புங்கை வேலையை விடவில்லை. ஏட்டம்மா கடைசிவரை ஒன்றும் கேட்கவில்லையாம். ஒரே ஒரு தடவை, கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த புங்கையிடம், "போயிட்டு வா தாயி, கண்ணு முழிச்சுப் பாத்துட்டு வா" என்றாராம். அதைப் புங்கை என்னிடம் பஸ் ஸ்டாண்டில் சொன்னபோது போர்டில் இருந்த எழுத்தெல்லாம் எனக்குக் கலங்கித் தெரிந்தது.

திவ்யா, நீ அனுப்பிய சம்மதப் படிவத்தைப் படித்தேன். நல்ல படிவம்தான். கையெழுத்து வாங்கு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இதைப் புதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது ஒன்றைச் சொல்லிக் கொடு. அவர்களில் யாராவது ஒருத்தர், கையில் இருக்கிற போனில் தேடிப் பார்த்து, புங்கையின் தெருவைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைப்பார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. தாராளமாகத் தளவாய்புரத்துக்குப் போகச் சொல். நைட்டி தைக்கிற வீடு வீடாகக் கேட்கச் சொல். அந்த மனுஷி தளவாய்புரம் இல்லை. நைட்டி தைப்பவரும் இல்லை. புங்கை என்பது மேடம் அவருக்கு வைத்த மரமும் இல்லை. ஏட்டம்மாவின் வீட்டுக்காரர் போலீஸ்காரரே இல்லை. நடந்ததெல்லாம் நடந்ததுதான், இடம் மட்டும் நான் நின்று கத்துகிற இடம்.

முட்டை இங்கே இல்லை.